மூன்றாம் நாள் மதியத்துக்கு ஒரு ஸ்பின்னர்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ரஞ்சி உத்தேசப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்துவிட்டு ஊரே வாழ்த்தியிருக்கும். என் வாழ்த்தையும் அதோடு சேர்த்துக்கொள். இனி நீ கேட்டவற்றுக்கு வருகிறேன்.

டி.என்.பி.எல்.லுக்கு முன்னால் கேரம் பால் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். இங்கே தமிழ்நாடு அணியில் ஏற்கெனவே இரண்டு இடக்கை ஸ்பின்னர்கள் இருப்பதால் வேறு மாநிலத்துக்குப் போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இன்னொன்றை நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் ஓடுகிறது: இந்தியாவுக்கு ஆடாமலேயே போய்விட்டால் இத்தனை பாடும் எதற்கு? நேராகக் கேட்காத கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஹரியாணாவின் ராஜிந்தர் கோயல் உன்னைப் போல இடக்கை ஸ்பின்னர். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637 விக்கெட், முதல்தர ஆட்டங்கள் மொத்தத்தில் 750. அந்த 637 இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அடுத்த இடத்தில் இருப்பவர் நம் வெங்கட்ராகவன். அவரே 530-ல்தான் நிற்கிறார். கோயல் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. 1974-ல் பெங்களூரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட்டில் பிஷன் சிங் பேடியை ஒழுங்கு நடவடிக்கையாக வெளியே வைத்தபோது கோயலைக் கூப்பிட்டார்கள். போனார். ஆடும் பதினொருவர் பட்டியலில் பிரசன்னாவும் சந்திரசேகரும் வெங்கட்டும் இருந்தார்கள், கோயல் இல்லை. அடுத்த டெஸ்ட்டுக்குப் பேடி திரும்பிவிட்டார். கோயல் ஹரியாணாவுக்குத் திரும்பி 1984-85 சீசன் வரை பந்து போட்டுக்கொண்டிருந்தார்.

பம்பாயின் பத்மாகர் சிவால்கர் இன்னொருவர். அவரும் இடக்கை ஸ்பின்னர். 124 முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட். அவரும் டெஸ்ட் ஆடவில்லை. அவரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1973 மார்ச்சில் சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதி ஆட்டம். நம் பக்கம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று இரண்டு ஸ்பின்னர்கள் இருந்தும், பந்து திரும்பிய அந்தப் பிட்ச்சில் பம்பாய் 151, 113. நாம் 80, 61. சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு எட்டு, இரண்டாவதில் 18 ரன்னுக்கு ஐந்து. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துபோனது. பம்பாய்க்கு அது தொடர்ச்சியாகப் பதினைந்தாவது கோப்பை.

வி.வி. குமாரின் கதை வேறு மாதிரி. 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அதன் பிறகு இன்னொரு டெஸ்ட், அவ்வளவுதான். முதல்தர ஆட்டங்களில் எடுத்தது 599.

இந்த மூவரையும் பற்றிப் பேசும்போது 'பாவம்' என்று உச்சுக்கொட்டுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேர்வில் அநியாயம் நடந்ததா என்றால், நடந்திருக்கலாம். ஒரே காலத்தில் பேடி இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் கோயல் இருபது சீசனுக்கு மேல் செய்த வேலை, இன்னொரு வேலைக்காகக் காத்திருந்த நேரம் ஆகிவிடாது. எதிரணியில் கோயல் இருக்கிறார் என்றால் முந்தின நாளே யோசிக்கத் தொடங்கிய பேட்ஸ்மேன்கள் வட இந்தியா முழுக்க இருந்தார்கள். கவாஸ்கர் தனக்குப் பிடித்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய 'ஐடல்ஸ்' புத்தகத்தில் டெஸ்ட் ஆடாத இந்த இரண்டு இடக்கை ஸ்பின்னர்களுக்கும் இடம் கொடுத்தார். 2017-ல் இந்திய கிரிக்கெட் வாரியம் சி.கே. நாயுடு விருதை இருவருக்கும் கொடுத்தது. தாமதம்தான், ஆனாலும் கொடுத்தது.

இந்தியத் தொப்பி உன் கையில் இல்லை. உன் கையில் இருப்பது ஓவர். ஒரு உள்நாட்டு ஸ்பின்னரின் வாழ்க்கையை நான் ஓவரால்தான் அளப்பேன். விக்கெட் பிட்ச்சையும் ஸ்லிப்பில் நிற்பவன் கையையும் அம்பயர் விரலையும் பொறுத்தது. முப்பது ஓவர் போட்டபின்னும் கேப்டன் பந்தைத் திரும்ப உன் கையிலேயே கொடுக்கிறார் என்றால் அது உன்னை மட்டுமே பொறுத்தது. நீ கேட்கிற ஒவ்வொன்றையும் 'இது எனக்கு ஓவர் வாங்கித் தருமா?' என்ற கேள்வியில் போட்டுப் பார்.

கேரம் பாலையும் அப்படியே பார்க்கலாம்.

வருண் சக்கரவர்த்தியை உதாரணம் காட்டியிருக்கிறாய். கட்டடக் கலைஞராக இருந்தவர், 2018 டி.என்.பி.எல்.லில் மதுரை அணிக்கு ஆடினார், அந்த வருட ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார், பின்னால் இந்தியாவுக்கும் ஆடினார். அந்த வழி இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் முதல்தர ஆட்டம் ஆடியது அபூர்வம். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது 24 பந்து. பேட்ஸ்மேன் தானாகவே உன்னைத் தேடி வருவான். எந்தப் பந்து என்று தெரியாமல் அடிக்கப் பார்ப்பான். அங்கே புதிருக்கு விலை உண்டு. நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸுக்கு 180 பந்து போடுவாய். பேட்ஸ்மேனுக்கு அவசரமே கிடையாது. உன் கேரம் பாலைப் பத்துத் தடவை பார்த்துவிட்டால் பதினோராவது தடவை கையிலிருந்தே படித்துவிடுவான். அதற்குப் பிறகு உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான் ரஞ்சி.

அஷ்வினிடம் அந்தப் பந்து இருந்ததே என்பாய். இருந்தது. 106 டெஸ்ட்டில் அவர் எடுத்த 537 விக்கெட்டில் அதன் பங்கைவிட, நாள் முழுக்க ஒரே இடத்தில் விழுந்த ஆஃப் பிரேக்கின் பங்குதான் பெரிது. ஆஃப் பிரேக் அவ்வளவு நம்பகமாக விழுந்ததால்தான் கேரம் பால் வித்தியாசமாகத் தெரிந்தது. அடிப்படைப் பந்து ஓவருக்கு இரண்டு முறை தவறுகிறவனுக்கு வேரியேஷன் என்று தனியாக எதுவும் தேவையில்லை. அவன் போடுவதெல்லாமே வேரியேஷன்தான்.

உன் ஸ்டாக் பாலைப் பற்றிச் சொல்கிறேன். போன சீசனில் கவனித்தேன். திரும்புகிறது, ஆனால் பக்கவாட்டுச் சுழற்சி மட்டும்தான். விரல் பந்தின் ஓரத்திலேயே போகிறது. மேலே ஏறி வருவதில்லை. அதனால் பந்து காற்றில் நேராக, தட்டையாகப் போய் விழுந்து திரும்புகிறது. பிட்ச் உதவினால் அது போதும். உதவாத பிட்ச்சில் பேட்ஸ்மேன் பின்னங்காலில் போய் நிதானமாகத் தட்டிவிடுவான். இடக்கை ஸ்பின்னர் வலக்கை பேட்ஸ்மேனுக்கு ரவுண்ட் தி விக்கெட் போடும்போது, பந்து அவன் கண் மட்டத்துக்கு மேலே கிளம்ப வேண்டும். காற்றில் கொஞ்சம் உள்ளே, காலை நோக்கி நகர வேண்டும். அவன் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு ஜாண் முன்னாலேயே தாழ்ந்து விழ வேண்டும். அதற்குப் பிறகு அரை மட்டை அளவு திரும்பினாலே விளிம்பு வரும். அந்தத் தாழ்வு மேற்சுழற்சியில்தான் வரும். பந்தை விடும்போது ஆள்காட்டி விரல் பந்துக்கு மேலே ஏறி இறங்கட்டும். வலது காலை ஊன்றும்போது முட்டி மடங்காமல் அதன் மேலே உடம்பு திரும்ப வேண்டும். உன் முட்டி மடங்குகிறது. நீ உயரத்தை இழப்பது அங்கேதான்.

இதை வலையில் கற்க முடியாது. நெட்டில் நாலைந்து பேர் வரிசையில் நிற்பீர்கள், உன் முறை வரக் காத்திருக்க வேண்டும், பேட்ஸ்மேன் தன் ஷாட்டைப் பழகிக்கொண்டிருப்பான், நீயும் அவனை அவுட்டாக்குவதிலேயே குறியாக இருப்பாய். காலையில் ஆள் வருவதற்கு முன் ஒற்றை ஸ்டம்ப் நட்டு, பேட்ஸ்மேன் இல்லாமல் போடு. ஒரு பக்கத்திலிருந்து செல்போனில் படம் எடு. சீம் ஸ்லிப் பக்கம் சாய்ந்து, ஆடாமல் சுழன்று போகிறதா என்று பார். எஸ்.ஜி. பந்தின் தையல் கையால் போட்டது, மேடாக இருக்கும், சரியாக விட்டால் சொல்கிற பேச்சைக் கேட்கும். ஐ.பி.எல்.லில் தருகிற வெள்ளை கூக்கபுரா அப்படி இல்லை. சீக்கிரமே வழுவழுத்துவிடும். அதில் போட்டுப் பழகிய கை சிவப்புப் பந்துக்குத் திரும்ப நாளாகும். இப்போது ரஞ்சியையே இரண்டாக வெட்டி நடுவில் சையத் முஷ்டாக் அலியையும் விஜய் ஹசாரேயையும் வைத்துவிட்டார்கள். அந்த மாதங்களில் உன் கிட் பையில் ஒரு பழைய சிவப்புப் பந்து கிடக்கட்டும். வெள்ளைப் பந்துப் பயிற்சி முடிந்ததும் தினமும் கொஞ்ச நேரம் அதைப் போடு. இல்லாவிட்டால் ஜனவரியில் முதல் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸை வேகத்தைக் குறைப்பதிலேயே கழிப்பாய்.

கேரம் பால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் வேண்டாம். அதற்குப் பதில் ஆர்ம் பாலைச் சரிசெய். கிரீஸின் அகலத்தைப் பயன்படுத்து. ஒரே பந்தை ஸ்டம்பை ஒட்டியும், நடுவிலிருந்தும், ஓரத்துக்குப் போயும் விட்டால் பேட்ஸ்மேனுக்கு அது மூன்று பந்து. இதற்கு யாரிடமும் போய்ப் புதுப் பிடி கற்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் மதியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உன்னை எடுக்கிறார்கள். முதல் நாள் காலையில் வேகப்பந்து வீச்சாளனுக்கு வேலை இருக்கிறது. நான்காம் நாள் வெடித்த பிட்ச்சில் யார் போட்டாலும் திரும்பும். மூன்றாம் நாள் உணவு இடைவேளைக்குப் பிறகு, எதிரணி 210-க்கு மூன்று, இரண்டு பேர் நிலைத்துவிட்டார்கள், பந்து ஐம்பது ஓவர் பழசு, புதுப்பந்துக்கு இன்னும் முப்பது ஓவர், வெயில் மண்டையைப் பிளக்கிறது. முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு மூன்று புள்ளி, பறிகொடுத்தவனுக்கு ஒன்று. நாக்அவுட் போவதும் வீட்டுக்குப் போவதும் பல சீசன்களில் இந்த இரண்டு புள்ளியில்தான் முடிவாகியிருக்கிறது. அந்த முப்பது ஓவரில் ஒரு முனையை நீ பிடித்துக்கொள்ள வேண்டும். ஓவருக்கு இரண்டு ரன்னுக்கு மேல் போகக் கூடாது, ஆனால் தற்காப்பாகவும் போடக் கூடாது. கேப்டன் டீப் பாயிண்ட்டை உடனே வெளியே அனுப்பப் பார்ப்பார். அவரிடம் பேசு. ஷார்ட் மிட்-விக்கெட்டும் ஸ்லிப்பும் இன்னும் மூன்று ஓவர் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கு. கேட்கத் தெரியாத ஸ்பின்னர்களுக்கு ஃபீல்டும் அமைவதில்லை, ஓவரும் கிடைப்பதில்லை. இதைச் சென்னை லீக்கில் வருடா வருடம் பார்க்கிறேன்.

சில நேரம் கேப்டன் ஓவர் தி விக்கெட் வந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போடச் சொல்வார். பத்திரிகைக்காரர்கள் திட்டுவார்கள். போடு. அதுவும் வேலைதான். 2001-ல் பெங்களூரில் ஆஷ்லி ஜைல்ஸ் சச்சினுக்கு நாள் பூராவும் அப்படிப் போட்டு, கடைசியில் தொண்ணூறில் இறங்கி வரவைத்து ஸ்டம்பிங் வாங்கினார். பார்க்க அழகாக இல்லை. ஸ்கோர் புத்தகத்தில் அழகுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

இன்னொரு ஆட்டத்தைக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். 2024 மார்ச், மும்பை பாந்த்ரா குர்லா வளாக மைதானம், ரஞ்சி அரையிறுதி. தமிழ்நாடு 146-க்குச் சுருண்டது. பதிலுக்கு மும்பை 106-க்கு ஏழு. கேப்டனாகவும் இருந்த சாய் கிஷோர் அந்த இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். ஆனாலும் மும்பை 378-க்குப் போனது. ஷர்துல் தாக்கூர் 109, பத்தாவதாக வந்த தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89. நாம் இன்னிங்ஸ் தோல்வி. சாய் கிஷோரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. அந்த சீசனில் ரஞ்சியிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான், 53. நான் சொல்ல வருவது, ரஞ்சியில் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் எண்களில் வருகிறவர்கள் இன்று பேட்ஸ்மேன்கள். ஏழு விக்கெட் விழுந்ததும் பந்து வேகமாகவும் முழு நீளத்திலும் போகத் தொடங்குகிறது நம் ஸ்பின்னர்களுக்கு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற ஆசை. ஏழாவது விக்கெட்டை வாங்கித் தந்த பந்தையே எட்டாவதுக்கும் போட வேண்டும். சொல்ல எளிது, வெயிலில் கஷ்டம்.

அதே காரணத்தால் நீயும் பேட்டிங் பழக வேண்டும். இங்கே இரண்டு இடக்கை ஸ்பின்னர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதே 2023-24-ல் சாய் கிஷோரின் 53-க்குப் பக்கத்தில் அஜித் ராம் 41 எடுத்தார். இருவரும் இடக்கை ஸ்பின்னர்கள், ஒரே பதினொருவரில். ஆக இருவருக்கு இடமுண்டு. மூன்றாவது ஆளுக்கு இடம் வர வேண்டுமானால் அவன் ஏழிலோ எட்டிலோ நின்று ஐம்பது அடிக்க வேண்டும். தேர்வாளர்கள் இப்போது பார்ப்பது அதைத்தான். வாஷிங்டன் சுந்தர் 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் மூன்றாவதாக இறங்கி 152 அடித்தார். அடுத்து புனே டெஸ்ட்டுக்கு அழைப்பு. அங்கே நியூசிலாந்துக்கு எதிராக 59 ரன்னுக்கு ஏழு விக்கெட். அதே வருடக் கடைசியில் அஷ்வின் ஓய்வு பெற்றபோது ஆஸ்திரேலியாவுக்கு யாரை அனுப்பினார்கள்? கோட்டியனை. எனக்கு இந்தப் போக்கு முழுக்கப் பிடித்துவிடவில்லை. பதினோராவதாக இறங்கி, வீசுவதை மட்டும் செய்து வாழ்ந்த வி.வி. குமார் போன்றவர்களுக்கு இன்று கதவு பாதிதான் திறக்கும். ஆனால் எனக்குப் பிடிக்காததால் அது மாறப்போவதில்லை. தினமும் த்ரோ டவுன் எடு.

வேறு மாநிலத்துக்குப் போவது பாவமில்லை. கோயலே தெற்கு பஞ்சாப், டெல்லி, ஹரியாணா என்று ஆடியவர். மத்தியப் பிரதேசத்தின் ஜலஜ் சக்சேனா கேரளாவுக்குப் போய், ரஞ்சியில் 6000 ரன்னும் 400 விக்கெட்டும் சேர்த்த முதல் ஆளானார். அவருக்கும் இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் எங்கே போகிறாய் என்பது முக்கியம். 2018-19-ல் பிகாரின் அசுதோஷ் அமன் பிளேட் பிரிவில் 68 விக்கெட் எடுத்து, பேடியின் 64 என்ற பழைய சாதனையைத் தாண்டினார். எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள்? 2024-25-ல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 எடுத்து அந்த 68-ஐத் தாண்டினார். அணி கோப்பையை வென்றது, அவர் இந்தியா ஏ அணிக்குப் போனார். ஒரே ஒரு விக்கெட்தான் வித்தியாசம். எதிரே நின்ற பேட்ஸ்மேன்கள் வேறு. என் கருத்தைக் கேட்டால்: இரண்டு சீசன் இங்கே பார். அதற்குப் பிறகும் தண்ணீர் பாட்டில்தான் தூக்குகிறாய் என்றால், தயங்காமல் தடையில்லாச் சான்று கேட்டு வாங்கிக்கொண்டு, நாளுக்கு இருபத்தைந்து ஓவர் தருகிற அணிக்குப் போ. பணம் அதிகம் என்பதற்காக மட்டும் போகாதே.

பணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டிருக்கிறாய், கூச்சம் வேண்டாம். 2021-ல் வாரியம் திருத்திய விகிதப்படி, இருபது ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவருக்கு நாளுக்கு 40,000 ரூபாய். நாற்பதைத் தாண்டியவருக்கு 60,000. வெளியே உட்கார்ந்தால் பாதி. ரஞ்சி லீக் சுற்றின் ஏழு ஆட்டமும் ஆடினால் முதல் வருடமே பதினோரு லட்சத்துக்கு மேல் வரும். கோயலும் சிவால்கரும் கனவில்கூடக் காணாத தொகை. 2025-க்கான ஐ.பி.எல். ஏலத்தில் மிகக் குறைந்த அடிப்படை விலையே 30 லட்சம் என்பதும் உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். அந்த ஆசை தவறில்லை. ஆனால் ஒரு சீசன் விரலிலோ தோளிலோ அடிபட்டால் இரண்டு கணக்கும் பூஜ்யம். டிகிரியை முடி. பிரசன்னா 1962-ல் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடியவர், பொறியியல் படிப்பை முடிக்கப் போய் 1967 வரை டெஸ்ட் பக்கமே வரவில்லை; திரும்பி வந்து மொத்தம் 189 விக்கெட் எடுத்தார். வெங்கட்டும் அஷ்வினும் பொறியாளர்கள்தான். அரியர் வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். எழுது.

பிட்ச்சைப் பற்றிச் சுருக்கமாக. செம்மண் பிட்ச்சில் பந்து எழும்பும், வேகமாகத் திரும்பும். அங்கே மேற்சுழற்சி போடு, ஷார்ட் லெக் வை. கரிசல் பிட்ச்சில் தாழ்ந்து மெதுவாக வரும். அங்கே ஸ்டம்பை விட்டு வெளியே போகாதே, எல்.பி.டபிள்யூ.வும் போல்டும்தான் உன் விக்கெட். சேப்பாக்கத்தில் இரண்டும் உண்டு. முதல் நாளே புழுதி கிளம்பும் பிட்ச்சில் ஏழு விக்கெட் எடுத்தால் சந்தோஷப்படு, ஆனால் அதை உன் கணக்கில் எழுதாதே. அந்தப் பிட்ச்சில் எதிரணி ஸ்பின்னரும் ஏழு எடுத்திருப்பான். 1973 சேப்பாக்கம் நமக்குச் சொன்னதும் அதுதான்.

உன்னை அணியிலிருந்து தூக்குவார்கள். எல்லாரையும் தூக்குவார்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான அதே 1974-75 தொடரில் டெல்லியில் வெங்கட்ராகவன் இந்தியாவின் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் பன்னிரண்டாவது ஆள். கேப்டனாக இருந்தவர் அடுத்த ஆட்டத்தில் பானம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் எட்டு வருடத்துக்கு மேல் டெஸ்ட் ஆடினார், பின்னால் அம்பயராக 73 டெஸ்ட்டில் நின்றார். தூக்கப்பட்ட வாரத்தில் யாரையும் போனில் கூப்பிட்டுப் புலம்பாதே. குறிப்பாகத் தேர்வாளரின் நண்பரை. அடுத்த ஞாயிறு உன் கிளப்புக்கு ஆட்டம் இருக்கும். போய்ப் பந்து போடு.

சென்னை லீக்கை நீ குறைவாக எடைபோடுகிறாய் என்பது கடிதத்தில் தெரிகிறது. 'வெறும் லீக் மேட்ச்' என்று எழுதியிருக்கிறாய். பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கு ஆடும் ஃபர்ஸ்ட் டிவிஷன் கிளப்களில், ரஞ்சி ஆடி முடித்த முப்பத்தைந்து வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். பல காலமாக வெளிமாநிலத்தவரும் வந்து ஆடியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஸ்பின் ஆடியவர்கள். உன் ஆர்ம் பாலை ஓட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் நிற்பவனிடம் சத்தமாகச் சொல்லியும் காட்டுவார்கள். அவர்களுக்கு எதிராக வெறும் பத்துப் பேர் பார்க்கிற மைதானத்தில் இருபது ஓவர் போட்டவனுக்கு, ரஞ்சியில் புதிதாகப் பயப்பட ஒன்றும் இருக்காது. காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி அது. உனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

உடம்பைப் பற்றி நான் சொல்வதைவிட ஃபிசியோ சொல்வதைக் கேள். ஆள்காட்டி விரலின் தோல் காய்ப்புக் காய்க்கும் வரை கிழியும். கிழிந்த விரலோடு போட்டால் பிடி மாறும், பிடி மாறினால் ஆக்‌ஷன் மாறும். அப்போது ஓய்வு எடு. ஓவர், ஓவர் என்று நான் அடித்துக்கொள்வது காயத்தோடு போடச் சொல்வதற்கல்ல.

டி.என்.பி.எல். ஜூலையில் முடியும். புச்சி பாபு போட்டி ஆகஸ்ட்டில் தொடங்கும். நடுவில் கிடைக்கிற வாரங்களில் எந்த விளம்பரப் படப்பிடிப்புக்கும் ஒப்புக்கொள்ளாதே, ஊருக்கும் போகாதே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கிளப்பில் பெயர் கொடு. புச்சி பாபுவில் ஆட வைத்தால், கேப்டன் பந்தை வாங்கிக்கொள்ளச் சொல்லும்வரை நீயாக ஸ்பெல்லை முடிக்காதே. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எத்தனை ஓவர், எத்தனை மெய்டன் என்று முதலில் பார்ப்பேன். விக்கெட்டைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்